குமிழ்க் கணக்கு

மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில்
மூன்று வழி எழுதினேன்.
பள்ளிக்கூடத்தில் பத்துத் தடவை எழுதவைத்த சொல்
காபனீரொட்சைட்டு.
இப்போது அது காசுக்கு வேண்டும்.

முதலாவது சிலிண்டர்.
டிக்கோயா வளைவில் வெல்டிங் பட்டறை
அந்தோனிமுத்து தருவார்.
முற்பணம் மட்டும் தொட்டி விலையைப்போல் மூன்று மடங்கு.
தீர்ந்தால் கொழும்புக்கு அனுப்பணும்,
பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.
"மீனுக்கா?"
"செடிக்கு."
முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டார்.

அப்பச்சோடாவும் எலுமிச்சை உப்பும்
சேர்ந்ததும் சீறும்,
அரைமணியில் அடங்கிவிடும்.
அடக்கி ஆள ஒரு வால்வு வேண்டும்.
வால்வு கண்டியில்.

மிச்சம் சீனி, ஈஸ்ட்.
இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது
கடை முதலாளி தராசைப் பிடித்தபடியே நின்றார்.
இந்தப் பக்கம் அப்படி வாங்குகிறவன்
பாண் போடுகிறவன்,
இல்லாவிட்டால் மற்றவன்.
"கசிப்பு இல்ல அண்ணே, மீன் தொட்டி."
"எல்லாரும் ஒன்னு சொல்லித்தான் வாங்குறாங்க."

ஹட்டன் குளிரில் ஈஸ்ட் எழும்பவில்லை.
இரண்டு நாள், ஒரு குமிழும் இல்லை.
மூன்றாம் நாள்
ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டிப்
போத்தலுக்கு மாட்டி
ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்தேன்.
வார்டில் நாள் முழுக்க
ஒட்சிசன் சிலிண்டர் உருட்டிவிட்டு வந்த கோகிலவாணி
அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அது என் ஸ்வெட்டர்" என்றாள்.

அன்றிரவு வந்தது
ஒன்று.
சோறு தின்று கை கழுவியபின்
இன்னொன்று.
மறுநாள் நிமிடத்துக்கு நாற்பது.
விளக்கின் கீழ் ரொட்டாலா நுனியெல்லாம்
ஊசிமுனை வெள்ளி.
இரண்டு பேரும் எண்ணினோம்,
கணக்கு ஒத்துவரவில்லை.

ஈஸ்ட்டுக்குப் பொழுது தெரியாது.
விளக்கை அணைத்த பின்னும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.
இருட்டில் செடியும் நம்மைப்போலத்தான்
மூச்சு விடுகிறது,
அது என் பில்லில் இல்லை.
விடிய நாலரைக்கு
பன்னிரண்டு மீனும் நீர்மட்டத்தில் வாய் பிளந்து.
நான் வாளி தேடினேன்.
அவள் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு
ஜக்கில் தண்ணீர் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினாள்,
மொண்டு மொண்டு,
பேசாமல், ஒரே வேகத்தில்,
வேறு யாருக்கோ பலமுறை செய்த கைபோல.
பதினொன்று கீழே இறங்கின.

சிலிண்டர் வாங்கவில்லை.
படுக்கும் முன் குழாயைத்
தொட்டியிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறேன்.
ஜன்னலை ஒரு விரலளவு
திறந்துவைக்கச் சொல்கிறாள்.
பனி உள்ளே வந்து கால்மாட்டில் நிற்கிறது.
குளிருகிறது, இரண்டு பேருக்கும்.
போத்தலுக்கு இல்லை.