நாற்பது வாட்

போன சனிக்கிழமை நான் வாசித்ததற்குச்
சாட்சி யாரும் இல்லை.

ரியேக்கா துறைமுகத்தில், பழைய கயிற்றுக் கிடங்கில்
இருநூற்றுச் சொச்சம் பேர்.
நேவன் டிரம்ஸை அடிக்கவில்லை,
யாரிடமோ பழைய பாக்கியை வசூலித்துக்கொண்டிருந்தான்.
ஓர்னெல்லாவின் கிட்டார் கூரைத் தகரத்தைச் சுரண்டியது.
என் விரல்கள் நகர்ந்தன.
என் பெட்டியின் சிவப்பு விளக்கும் எரிந்தது.
அவ்வளவுதான்.
நான்கு கம்பிகளில் ஊமை கண்ட கனவு.

முடிந்ததும் ஒருத்தி வந்து கைகுலுக்கி
"நீங்க நல்லா ஆடுறீங்க" என்றாள்.

நாற்பது வாட்.
கட்டிலுக்குப் பக்கத்தில் அது புலி.
மேடையில், யானைப் பசிக்குச் சோளப்பொரி.
கீழ்ச்சுருதி அப்படித்தான் தின்கிறது.
கீச்சென்று மேலே போகிறவர்களுக்கு
ஒரு கைப்பிடி மின்சாரம் போதும்;
அடியில் கிடக்கும் தடித்த கம்பி
ஒரு மூட்டையைக் காலி செய்துவிட்டு
அடுத்த மூட்டை எங்கே என்று கேட்கும்.

படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கும் நேரத்தில்
டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வாட்டை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது.
காது மகா கஞ்சன்.
நாற்பதை எண்பதாக்கினால்
'ஏதோ மாறியிருக்கே' என்று லேசாகத் திரும்பும்.
பத்து மடங்கு கொட்டிக் கொடுத்தால்தான்
'சரி, இரண்டு மடங்கு' என்று ரசீது எழுதும்.

கடையில் ஐந்நூறு என்று ஒட்டிய ஒன்று.
திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில்: நான்கு ஓமில்.
நேவன் இரவல் தருவதாகச் சொன்ன ஸ்பீக்கர் எட்டு ஓம்.
ஆக, முந்நூறு தேறினால் அதிர்ஷ்டம்.
என் சம்பளச் சீட்டும் இதே சாதி,
மேலே ஓர் எண், கையில் வேறு.

வால்வு வைத்த கிழட்டு அழகன் ஒருவனும் இருந்தான்.
முந்நூறு வாட், முப்பத்தெட்டு கிலோ,
உள்ளே தணல் மாதிரி வெளிச்சம்.
நான் இருப்பது திர்சாத் படிக்கட்டின் உச்சியில்.
காதலிக்கலாம்;
தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

செவ்வாய் மாலை, டாரியோ வீடு.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
எண்ணூறு வாட், ஒரு ரொட்டிப் பொட்டலத்தின் எடை.
கூடவே பத்து அங்குலக் கூம்பு நான்கு உள்ள பெட்டி.
"ஏன் விற்கிறீங்க?"
கதவிடுக்கைக் காட்டினான்:
தொட்டிலில் இரட்டைப் பெண்கள், நாற்பது நாள்.
"ரெண்டுக்கு மேல திருப்பிடாதீங்க" என்று கெஞ்சினான்.

வாங்கப்போகிறவள் நான்.
புலி வாங்க வந்தவளிடம்
மீசையை மட்டும் தடவிப் பார்க்கச் சொல்கிறான்.

இரண்டில் வைத்தேன்.
தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை, கட்டைவிரலால்.
சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
தரைப் பலகை மட்டும் என் செருப்பைக்
கொஞ்சம் தூக்கிப் பார்த்ததுபோல.
இன்னொரு தடவை, நீளமாக.
இதற்கு அறுநூறு யூரோவா என்று
கம்பியை அமுக்கி நிறுத்தியபோது
கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு மிலேவா, கையில் கரண்டி.
"பாட்டு போட்டீங்களா?"
இல்லை இல்லை என்று டாரியோ வெளுத்தான்.
"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள்,
"சூப்புல வட்டம் வட்டமா வருது.
அடுப்பை இன்னும் பத்தவைக்கவே இல்ல."

பணத்தை அங்கேயே எண்ணினேன்.
சூப்புக்காக டாரியோ ஐம்பது குறைத்தான்.
கேரட் மிதக்கிறதா பார்க்க வேண்டும், இன்னொரு முறை வாசி என்று
மிலேவா கீழே ஓடினாள்.
வாசித்தேன்.
குழந்தைகள் விழிக்கவில்லை;
ஒருத்தி மட்டும் சத்தம் வரும் பக்கமாகப்
புரண்டு படுத்தாள்.

இறங்கும்போது படிகளை எண்ணினேன், எண்பத்தெட்டு.
பெட்டியின் பின்பக்கம் டாரியோ, முன்பக்கம் நான்.
வெளியே பூரா காற்று கடலைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

நேவனிடம் இன்னும் சொல்லவில்லை.
சனிக்கிழமை அவன் காலுக்கடியில்
ஸ்டூல் சொல்லட்டும்.