சொல்லிட்டானா?

வரிக்கு ஒன்றரை ரூபாய்.
பேசினால் காசு, பேசாவிட்டால் இல்லை.
இந்த ஜப்பான் தொடருக்குத் தமிழ் போட
ஒத்துக்கொண்ட நாளில்
அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் எபிசோடு நன்றாகத்தான் இருந்தது.
ரயிலடியில் ஒருத்தி குடையை மாற்றி எடுத்துப் போகிறாள்.
திருப்பி வாங்க ஓடியவன் தடுக்கி
மீன்காரியின் ஐஸ் பெட்டிக்குள் விழுகிறான்.
நான் சிரித்தேன். மேல்வீட்டு நஸ்ரினும் சிரித்தாள்.
நர்சிங் இரண்டாம் வருஷம். அந்தக் கதையின்
பத்தொன்பது புத்தகத்தையும் போனிலேயே படித்தவள்.
"பன்னிரண்டாவதுல சொல்வான் பாருங்கக்கா,
பாலத்துல, கொட்டுற பனியில.
நான் மூணு நாள் அழுதேன்."

இரண்டாவதில் வாயைத் திறந்தான், ரயில் கூவியது.
நான்காவதில் வாணவேடிக்கை.
ஐந்தாவது முழுக்கக் கடற்கரை;
கண்ணைக் கட்டிக்கொண்டு தர்பூசணி உடைத்தார்கள்,
இருபத்து மூன்று நிமிடம்.
ஏழில் வெந்நீர் ஊற்று. எட்டில்
முதல் ஏழையும் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டானா?" என்பாள் நஸ்ரின்,
மோட்டார் போட இறங்கி வரும்போதெல்லாம்.
இல்லம்மா. இருமினான்.

இருமலைத் தமிழில் எப்படிப் போடுவது?
மூன்று புள்ளி வைத்தேன்.
புள்ளிக்குக் காசு கிடையாது என்றார்
வளசரவாக்கத்து ஹென்றி, சரிபார்ப்பவர்.

கல்யாணத்துக்குப் பிந்தி வந்து
ஆற்றோடு திரும்பிப் போன சாமியை
வருஷா வருஷம் லட்சம் பேர் முண்டியடித்துப் பார்க்கும் ஊர் இது.
பிந்துவது எங்களுக்குப் புதிதில்லை.
ஆனால் அவர் குதிரையில் வருவார், ஒரு பவிசோடு.
இவன் வாராவாரம்
செருப்பு வார் அறுந்து நின்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராய் இருந்தேன்.
அவர்கள் மொழியில் அது சின்னச் சொல்லாம்,
தர்பூசணிக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான்.
'காதலிக்கிறேன்' என்று
முனிச்சாலையில் எவர் வாயாலும் கேட்டதில்லை நான்.
பிடிச்சிருக்கு. அதுதான் சரி.
சளி பிடிக்கும், சனி பிடிக்கும்,
பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றால் கிறுக்குப் பிடிக்கும்,
அதே வாக்கில் ஆளையும் பிடிக்கும்.
துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரம்
ஒட்டி வைத்திருந்தேன், பதினோரு வாரம்.

பன்னிரண்டாவது, சித்திரைக் கடைசியில் வந்தது,
மின்விசிறி அனலைத் துப்பிய ஒரு மதியம்.
பாலமே இல்லை.
பனி வரையச் செலவாகும் என்று நினைத்தார்களோ என்னவோ,
பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்திருந்தார்கள்,
தூரத்தில், முகம் போடாமல்,
இரண்டு தீக்குச்சி மாதிரி.
பியானோ நின்றது.
விசைப்பலகையில் கை வைத்தபடி மூச்சை அடக்கினேன்.

மழை வருது, என்றான்.

பெயர்கள் ஓடத் தொடங்கின.

எனக்கு வந்ததே கோபம். நானே சொல்லவைத்தேன்.
'உன்னைப் பிடிச்சிருக்கு.'
இரண்டு விநாடி, பதினோரு எழுத்து, கச்சிதம்.
யாருக்குத் தெரியப் போகிறது?
ஹென்றிக்கும் அவன் மொழி வராது,
எனக்கே ஆங்கிலம் வழியாகத்தான்.
தெருவில் தண்ணி லாரி நின்று, குடங்கள் சண்டையிட்டு,
லாரி போகும்வரை
அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு முதல் சொல்லை மட்டும் அழித்து
வேறொன்று போட்டேன்.

மழை பிடிச்சிருக்கு.

நஸ்ரின் இறங்கி வந்தாள்.
"சொல்லிட்டானா?"
"மழை பிடிச்சிருக்குன்னான்."
"அல்லா!" என்று திரும்பி ஓடினாள்,
இரண்டிரண்டு படியாய், மொட்டை மாடிக்கு,
காயப்போட்ட வெள்ளை யூனிபார்மை எடுக்க.

நான் பில் எழுத உட்கார்ந்தேன்.
வரிகள் மொத்தம் இரண்டாயிரத்து எழுபத்தாறு,
புள்ளிகள் நீங்கலாக.
மேலிருந்து குரல் வந்தது:
"எங்கக்கா மழை?"