நாம் என்றால் எத்தனை பேர்

தலவாக்கலை பொலிஸில் மொழிபெயர்க்க
என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும்
கோழித் திருட்டு, வேலித் தகராறு,
சம்பள நாளில் மண்டை உடைந்த கதை.
அன்று மேசையில் கிடந்தது
கொழுந்துத் துண்டின் முதுகில் பென்சில் எழுத்து,
மூன்று வரி:

   இரவில் தேயிலை தூங்குவதில்லை.
   நாம் கிள்ளியதை எண்ணிக்கொண்டிருக்கிறது.
   கணக்கு ஒருநாள் வரும்.

எழுதியவன் புவிராஜ், பத்தொன்பது வயது.
வாங்கில் உட்கார்ந்து
அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"கவிதை எனக்கு வேண்டாம்.
சாதாரணமாகச் சொல்" என்றார் சார்ஜன் விஜேகோன்.

சொன்னேன்.
தேயிலை ஒரு செடி. இரவிலும் வளரும்.
"அது எனக்கும் தெரியும். அடுத்தது?"
பறித்த கொழுந்துக்கு நிறை உண்டு, கணக்கு உண்டு.
"வரும் என்கிறானே, யார் வருவது?"
ஆள் இல்லை சேர். கணக்கு. மாதம் பத்தாம் திகதி.

மூன்று வரி
என் வாயில் பதினொன்றாகி
பதிவுப் புத்தகத்தில் சாதுவாகப் படுத்தது.
ஒவ்வொரு சொல்லுக்கும் நகம் வெட்டினேன்.
வெட்டும்போதுதான் தெரிந்தது
எந்தெந்தச் சொல்லுக்கு நகம் இருந்ததென்று.

பேனா ஓரிடத்தில் நின்றது.
"'அபி' என்றாயே, எத்தனை பேர்?
பெயர், விலாசம், எல்லாம் வேண்டும்."

தமிழில் அதற்கு இரண்டு சொல்.
நாங்கள் என்றால் கேட்பவன் வெளியே.
நாம் என்றால் கேட்பவனும் உள்ளே.
பையன் எழுதியிருந்தது நாம்.
'அபி'யில் அந்தக் கதவு
திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா
சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மேசையில் அவருடைய பிளேன்டி,
பக்கத்தில் கடித்த கருப்பட்டி.
எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள்,
பாதி குடித்திருந்தேன்.
கிள்ளியவர்களில் நீங்களும் உண்டு, நானும் உண்டு
என்று சொல்லியிருந்தால்
அதுதான் சரியான பொருள்.

"தோட்டத்து ஆட்கள்" என்றேன்.
"எல்லோருமா?"
"எல்லோரும்தான்."
எண்ணூறு பேருக்கு வாங்கு காணாது.
புத்தகத்தை மூடினார்.

ஸ்டேஷன் பக்கமாக நடந்தோம், தூறலில்.
புவிராஜ் துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.
"நான் எழுதினதுல அவ்வளவு இருக்கா அண்ணே?"
பாதிதான் சொன்னேன் என்றேன்.
"மிச்சம்?"

ஹட்டன் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.
நாக்கில் இருந்த துவர்ப்பு
கொட்டகலை தாண்டியும் போகவில்லை.