மழுங்கிய வாள்

உறைந்த மீன் விற்று உயர்ந்தவர் பிலிப்பா கரட்.
இருபத்தாறு ஆண்டுகள் கிரிம்ஸ்பியில்
அவர் தலையசைத்தால் லாரி கிளம்பும்,
இருமினால் விலை இறங்கும்.

பிறகு எங்கோ அரண்மனையில்
ஒரு தோல்சுருளில், அவர் பெயரருகே
ஊசியால் ஒரு துளை.
அவ்வளவுதான், ஓராண்டுக்கு ஷெரீப்.

கறுப்பு வெல்வெட். இறகு வைத்த தொப்பி.
வெண்ணெய்க் கத்தியைவிட மழுங்கிய வாள்.
சம்பளம் கிடையாது,
கைது செய்யவும் ஆளில்லை.
நீதிபதி வந்தால் எழ வேண்டும்,
மற்றபடி தேநீர்.

நவம்பரில் ஓர் உணவு வங்கியைத் திறக்கப் போனார்.
நீல ரிப்பன்.
கத்தரிக்கோலை நீட்டியவர் டெரிக் ஸ்டோக்,
மூன்றாம் வரிசையில் பதினெட்டு வருடம்
முள் எடுத்தவர்.
"இது கொஞ்சம் மொண்ணை, மேடம்.
உங்கள் பேனா மாதிரி வெட்டாது."

யாரோ சிரித்தார்கள்.
படம் எடுப்பவர் காத்திருந்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரை
ஒரே கையெழுத்தில் அனுப்பிய கை
ரிப்பனோடு மல்லுக்கட்டியது.
நூல் நூலாய்ப் பிரிந்ததே தவிர
அறுபடவில்லை.

கடைசியில் டெரிக்தான்
மறுமுனையை இழுத்துப் பிடித்தார்,
தோலுரிக்கையில் மீனின் வாலைப் பிடிப்பதுபோல,
கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல்.