பெயர் அழிந்த நான்கு கண்ணாடிகள்

மெத்தனால் புட்டியைத் தட்டிவிட்டது என் முழங்கைதான்.
கோபிப் பாலையின் விளிம்பில், மைனஸ் முப்பதில்,
ஹீட்டர் இருமும் இந்த ஒற்றையறை ஆய்வகத்தில்
பழி போட வேறு ஆளும் இல்லை.
நான்கு கண்ணாடித் துண்டுகள்.
நான்கின் பெயரும் கரைந்து
மேசையில் ஊதாவாய் ஓடியது.

காலையில் ரத்தம் கொடுத்தவர்கள்:
தாஷ்ஞாம், அவன் மனைவி ஹொர்லோ,
தீனி மறந்த அவர்களுடைய பெண் ஒட்டகம்,
வேலிக்கம்பியில் சிறகு கிழித்துக்கொண்ட கழுகு.
கழுகைக் கோட்டுக்குள் சுருட்டி
அவனே அணைத்துக்கொண்டு வந்தான்.

முதல் கண்ணாடி எளிது.
சிவப்பணு ஒவ்வொன்றிலும் கருநீல உட்கரு,
பழத்துக்குள் கொட்டை.
பறவைகள் அதைத் தூக்கியெறிவதில்லை.
கழுகு என்று எழுதினேன்.

அடுத்ததும் முட்டை வடிவம்தான், ஆனால் கொட்டை இல்லை.
தாகத்தில் ரத்தம் கூழாய்த் தடித்தாலும் நழுவி ஓடும்,
வாளி வாளியாய்க் குடித்தாலும் வெடிக்காது.
ஒட்டகம்.

மிச்சம் இரண்டும் மனிதர்.
பெருவிரல் அழுத்திய மாவு வில்லைகள்.
பிராணவாயு ஏற்ற இடம் வேண்டி
உட்கருவையே வெளியே தள்ளிவிட்ட செல்;
இனி அதற்குப் பழுது பார்க்கவும் தெரியாது, பிள்ளை பெறவும் தெரியாது.
நூற்றிருபது நாள் ஓடும். அவ்வளவுதான்.

ஒன்றில் எல்லாம் அதனதன் அளவில்.
மற்றதில்
தொழில் கற்காமலே தெருவுக்கு வந்த வெள்ளணுக்கள்,
உடம்பே உட்கருவாய், பெரிது பெரிதாய்,
சிவப்பணுக்களை ஓரம் தள்ளிக்கொண்டு.

இது யார்?

ஜன்னலுக்கு வெளியே தாஷ்ஞாம்
ஒட்டகத்தோடு மல்லுக்கட்டிச் சிரிக்கிறான்.
ஹொர்லோ சுவரில் சாய்ந்திருக்கிறாள்,
காலையிலிருந்தே சாய்ந்திருக்கிறாள்.
அவள்தான் என்று மனம் எழுதிவிட்டது.
கை எழுதவில்லை.

முதிர்ந்த வெள்ளணு, பெண்ணுடையது என்றால்,
நூற்றில் இரண்டு மூன்றில்
உட்கருவின் ஓரம் ஒரு குமிழ் தொங்கும்,
மேளக்குச்சியின் தலைபோல.
சுருட்டி மூலையில் வைத்த இரண்டாம் எக்ஸ் குரோமோசோம்.
எண்ணினேன்.
அறுபது. நூற்றுப்பத்து.
உப்பு டீயில் ஆடை படிந்தது.
நூற்று நாற்பத்தாறில் தொங்கியது குமிழ்,
நலமாயிருந்த கண்ணாடியில்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஒரு குமிழை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது,
மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.
கதவைத் திறந்து, "தாஷ்ஞாம், கையுறையைக் கழற்று" என்றேன்.
"என்ன துங்கலக், ஒட்டகத்துக்கு நோய் என்றால் எனக்கா ஊசி?"
சிரித்தபடியே கையை நீட்டினான்.
மணிக்கட்டில், விடியலில் கழுகு கீறிய கோடு.
இன்னும் உறையாமல் கசிந்துகொண்டிருந்தது.