முழு நட்டம்

தெஹிவளைக் கரையிலிருந்து இருபது நிமிடம்.
"பதினொரு மீற்றர்தான் மிஸ்" என்று
ஃபஸ்மீர் முதலில் குதிக்கிறான்.

காதுக்குள் ஒரு முடிச்சு அவிழ,
கீழே சரிந்து கிடக்கிறது கப்பல்.
சரக்கு: முகம் கழுவும் பீங்கான் தொட்டிகள்,
நானூற்றுப் பன்னிரண்டு.
எனக்குத் தெரியும்.
கோட்டை அலுவலகத்தில்
அந்தக் கோப்பை மூடியவள் நான்;
சிவப்பு மையில் எழுதினேன், முழு நட்டம் என்று.

ஒரு தொட்டிக்குள்ளிருந்து கலவாய் மீன்
வாடகை கேட்க வந்தவளைப்போல
என்னைப் பார்க்கிறது.
இன்னொன்றில்,
குழாய் பூட்டவேண்டிய துளையில்
இறால் மீசை.

எண்ணத் தொடங்கினேன். பழக்கம்.
முப்பத்தேழில்
காற்றுமானி ஐம்பதைத் தொட்டது.
ஃபஸ்மீர் கட்டைவிரலை உயர்த்தினான்.

என் குமிழிகள் எனக்கு முன்னே போயின,
அவசரமாய்.

மேலே கொழும்பு
கண்ணாடிக் கட்டடங்களாய் நின்றது.
அதற்கும் யாரோ
பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.