வலது கை, மூன்று கோணங்கள்

ஹாமில்டன். ஆஸ்பத்திரியின் அடித்தளம்.
இரவு பதினொன்றே கால்.
ஒக்னியான் ட்ராய்கோவ், வயது ஐம்பத்தெட்டு.
தொழில் என்ற கட்டத்தில்
கோல்கீப்பர் என்று எழுதி, வெட்டி,
கோச் என்று எழுதியிருந்தார்.

கையைத் தட்டில் வைத்தார்.
கையென்றா சொன்னேன்?
இஞ்சிக் கிழங்கு.
பாகப்பிரிவினைக்குப் பின்
பேச்சுவார்த்தை இல்லாத ஐந்து விரல்கள்.

வலிக்கிறதா?
மேலும் கீழும் ஆட்டினார் தலையை.
விட்டுவிட்டேன். மறுபடி தொட்டேன்.
வலிக்கிறதா?
இன்னும் அழுத்தமாய் ஆட்டினார்.
பிறகு சிரித்தார்:
"பல்கேரியாவில் இது 'இல்லை'.
'ஆம்' என்றால் பக்கவாட்டில்."
இரண்டுக்கும் நடுவே
எங்கள் ஆட்டலைப் போட்டுக் காட்டினேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்றார்.
சமயத்தைப் பொறுத்தது என்றேன்.

முதல் கோணம்.
மூச்சைப் பிடிக்க வேண்டாம், கைதானே, என்றேன்.
பிடித்துக்கொண்டார்,
பெனால்டிக்கு நிற்பவர் போல.

திரையில் எலும்புகள் வெளுத்து எழுந்தன.
அவரே வாசிக்கத் தொடங்கினார்.
சுண்டுவிரல்: பெர்னிக், பதினேழு வயது,
நிலக்கரித் தூள் பரவிய மைதானம், இடது கம்பம்.
மோதிர விரல்: சொந்த அணிக்காரனின் பூட்ஸ்.
அவன் தங்கையைத்தான் கட்டினேன்.
ஆள்காட்டி விரல் இங்கே வந்தபின்,
ரொட்டித் தொழிற்சாலையில்; அது கணக்கில் வராது.

நடுவிரலைத் தாண்டிப் போனார்.
கேட்டேன்.

ஒன்பது சீசன் பெஞ்சில் இருந்தாராம்,
இரண்டாம் கோலியாக, கையுறை கழற்றாமல்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்வனுக்குக் காய்ச்சல்.
நாலுக்கு ஒன்று தோல்வி.
ஐந்தாவதாக வந்த பெனால்டியை
இந்த விரல் வெளியே தள்ளியது.
"பேப்பரில் நாலு கோலும் வந்தது.
இது வரவில்லை."
விரலின் நடுக்கணுவில்
முடி அளவு ஒரு கோடு, சற்றுக் கோணலாக.
அச்சாகி முப்பத்தைந்து வருடம்.

இரண்டாம் கோணம். மூன்றாம் கோணம்.
இப்போது வாரத்தில் நாலு மாலை
பள்ளிப் பெண்களுக்கு விழச் சொல்லித்தருகிறாராம்.
பிடிப்பது தானாக வருமாம்.
இங்கேயும் இரும்பாலைப் புகை இருப்பதால்
மூக்குக்கு ஊர் மாறியதே தெரியவில்லையாம்.

இன்றைய முறிவு கட்டைவிரலில். புதியது, சுத்தமானது.
எப்படி நடந்தது?
சுவரைப் பார்த்தார்.
"வலைகளை ஏற்றும்போது
வேன் கதவு."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"பிள்ளைகள் கேட்பார்கள்."

காயத்தின் காரணம்: கர்சர் மினுங்கியது.
பந்து என்று போடட்டுமா என்றேன்.
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.
எந்த ஊர்க் கணக்கில் என்று கேட்கவில்லை.
போட்டேன்.